ஒன்றரை முழப் படகும் அம்மன் தெப்பமும்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். எனக்குக் கோர்வையாக எழுத வராது. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்போடு சரி. இப்போது மறதி வேறு சேர்ந்துகொண்டது. போன மாதம் ஒரே பத்தியை இரண்டு தடவை எழுதி அனுப்பிவிட்டேனாம். பத்திரிகை ஆசிரியர் தம்பி போன் போட்டு, “அம்மா, ரெண்டாவது தடவ எழுதினதுதான் நல்லாருக்கு” என்றார். அவர் நல்லவர்.

இந்த வாரம் எனக்குக் கொஞ்சம் பயம்தான். நம்பர் எல்லாம் வருகிற விஷயம். ஆம்ப்ஸ், வாட்ஸ், பிட்ச்... கிரைண்டர் சுவிட்சைத் தட்டுவதைத் தவிர மின்சாரத்தோடு எனக்கு என்ன சம்பந்தம்?

சம்பந்தம் – என் தம்பி முனியாண்டி.

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் தோட்டத்து மாரியம்மனுக்குத் தெப்பத் திருவிழா. நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. திடீரென்று குளத்தின் நட்ட நடுவில் அம்மன் நின்றுவிட்டாள். கரை முழுக்க ஜனம். தவில்காரர்கூடக் கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்க்கிறார். அம்மனை இழுத்துக்கொண்டு போன படகு, ஒன்றரை முழ நீளம்தான் இருக்கும். பேட்டரியில் ஓடுவது. அதை ரிமோட்டில் ஓட்டியவன்தான் என் தம்பி.

சாமி தெப்பத்தை விளையாட்டுப் படகு இழுக்குமா என்று கேட்பீர்கள். எங்கள் கோயில் தலைவரும் அதைத்தான் கேட்டார்.

சுவா டவுனிலிருந்து உள்ளே வந்தால் எங்கள் தோட்டம். பாதியை விற்றாகிவிட்டது. கோயிலும் குளமும் தப்பித்தன. வருஷா வருஷம் இரண்டு கரையிலும் ஆட்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள், தெப்பம் நடுவில் மிதந்து வரும். இந்த வருஷம் அந்தக் கரையில் வேலி போட்டுவிட்டார்கள். வேலிக்கு அந்தப் பக்கம் புதுத் தாமான், வரிசை வீடுகள். ஆள் நடக்க ஒரு அடி இடமில்லை. ஒரே கரையிலிருந்து இழுத்தால் என்ன ஆகும்? தெப்பம் நேராக வந்து கரையில் முட்டும்.

சம்பான் படகில் ஆள் ஏறித் துடுப்புப் போட்டு இழுக்கலாம் என்றால், நிலத்துக்காரக் கம்பெனி ஒத்துக்கொள்ளவில்லை. தண்ணீரில் ஆள் இறங்கக் கூடாதாம். சாமி போகலாம், ஆசாமி போகக் கூடாது!

கோயில் கூட்டத்தில் தலைவர் கோவிந்தன் எழுந்து, “தெப்பத்த நிறுத்திடுவோம். லோரியில வெச்சு ரோட்ட சுத்திட்டு வந்துடலாம்” என்றார். எனக்கு மனசு ஒப்பவில்லை, ஆனால் நான் கூட்டத்தில் பேசுகிற ஆள் இல்லை. பின்வரிசையில் ஒரு கை உயர்ந்தது.

“என் படகு இழுக்கும்.”

“எந்தப் படகு முனி?”

“ரிமோட் படகு.”

சிரித்தார்கள் பாருங்கள்... கூரைத் தகரம் அதிர்ந்தது.

தலைவர் சிரிக்கவில்லை. அவருக்கும் தெப்பம் நிற்பதில் வருத்தம்தான். “சரி லா, இந்த வருஷம் பாப்போம். ஒரு சுத்து வந்து கரை சேரணும். வழக்கம் தெரியும்ல? கரைய விட்டுக் கெளம்புன ஆத்தா பின்னால வரக் கூடாது. வந்துட்டா, அடுத்த வருஷத்துலேர்ந்து லோரிதான். அப்புறம் என்னக் கேக்காத.”

ஆக, எங்கள் தெப்பத்தின் தலையெழுத்து என் தம்பியின் கட்டை விரலில் வந்து நின்றது.

முனியாண்டி போர்டிக்சனில் ஒரு ஹோட்டலில் வயர்மேனாக இருந்து ரிட்டையர் ஆனவன். ரிட்டையர் ஆனவர்கள் சிலர் கோழி வளர்ப்பார்கள், சிலர் வாட்ஸ்அப்பில் உபதேசம் அனுப்புவார்கள். இவன் படகு வாங்கினான். சுவாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஜலீல் பாயிடமும் ஒன்று உண்டு. கடை லீவு அன்று இரண்டு பேரும் குளத்தில் ரேஸ் விடுவார்கள். மற்ற நாட்களில் முனியாண்டிக்குக் குளம், வீட்டுக் குளியலறைத் தொட்டிதான்.

அவன் சம்சாரம் சரசுவுக்கு இதில் எரிச்சல். “குளிக்கப் போனா படகு, தொவைக்கப் போனா படகு. நான் குடும்பம் நடத்துறனா, ஹார்பர் நடத்துறனா அண்ணி?” என்று என்னிடம் கேட்பாள். என் தம்பி ஆயிற்றே... காப்பி போட எழுந்து போய்விடுவேன்.

முதல் ஒத்திகை. தெப்பம் சின்னதுதான் – பலகைக்கு அடியில் காலி எண்ணெய் டின்களைக் கட்டியது. அம்மனுக்குப் பதிலாக அரிசி மூட்டை வைத்தார்கள். ரேஸ் படகைக் கயிற்றில் பூட்டி, முனியாண்டி ரிமோட்டை அழுத்தினான். படகின் வாலில் தண்ணீர் கொதித்தது. தெப்பம் அசையவில்லை. கொஞ்ச நேரத்தில் படகிலிருந்து புகை.

“ஆத்தா இன்னும் ஏறவே இல்ல. அதுக்குள்ள சாம்பிராணியா?” என்றாள் சரசு.

மோட்டாருக்குக் கரண்டை அளந்து விடுகிற சின்னப் பெட்டி தீய்ந்துவிட்டது. ஏன் என்று பாய்தான் எனக்கு விளக்கினார். எனக்குப் புரிந்த மட்டில் சொல்கிறேன்.

படகின் வாலில் சுற்றுகிறதே விசிறி, அதுதான் புரொப்பெல்லர். “ஸ்க்ரூ ஆணி மாதிரி நெனச்சுக்கங்கக்கா. ஒரு சுத்துக்கு எவ்வளவு தூரம் முன்னால ஏறுதோ, அதுதான் பிட்ச்.” பிட்சையும் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று என்பதையும் பெருக்கினால், படகு எவ்வளவு வேகம் போகும் என்று ஒரு குத்துமதிப்பு கிடைக்கும். ஆனால் தண்ணீர் மரக்கட்டை இல்லையே! கொஞ்சம் வழுக்கும். அந்த வழுக்கலைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

ரேஸ் படகு லேசு. விசிறிக்கு ஈடு கொடுத்து ஓடிவிடும். அதையே ஒரு பாரத்தில் கட்டிப்போட்டால் விசிறி முழுக்க வழுக்கல்தான். மோட்டார் திணறத் திணறக் கரண்டை விழுங்கும். படகு ஓடும்போது தின்பது கொஞ்சம், ஓட முடியாமல் நிற்கும்போது தின்பது ஏராளம்.

இதைக் கேட்டதும் சரசு தன் வீட்டுக்காரரை மேலும் கீழும் பார்த்தாள். “புரிஞ்சுது பாய். வீட்டுல ஒரு மோட்டார் இருக்கு.”

அடுத்த வாரம் முனியாண்டி என்னையும் சரசுவையும் காடியில் ஏற்றிப் போர்டிக்சனுக்கு அழைத்துப் போனான். சுட்ட மீன் வாங்கித் தரப் போகிறான் என்று நினைத்தோம். இவன் கடலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டான். தூரத்தில் ஒரு பெரிய எண்ணெய்க் கப்பலை, குட்டியாக ஒரு இழுவைக் கப்பல் இழுத்துக்கொண்டிருந்தது.

“அக்கா, அது வேகமாவா போவுது?”

“இல்லடா, ஊர்ந்து போவுது.”

“அதான்! நமக்கு எதுக்கு வேகம்? ஆத்தா என்ன ரேஸா ஓடப் போறா?”

மீன் வாங்கித் தரவில்லை. ஆனால் விஷயம் பிடிபட்டுவிட்டது. மெதுவாகச் சுற்றும் மோட்டார், அகலமான மூன்று இதழ் விசிறி, பிட்ச் குறைவு.

அகலம் என்றதும் முனியாண்டிக்கு ஆசை. “கொஞ்சம்தானே, பெருசா போடுவோம்” என்று ஐந்து மில்லிமீட்டர் கூடுதலாக ஒன்று மாட்டினான். ஐந்து மில்லி! என் வளையல் கனம்தான் இருக்கும். மீட்டரைப் பார்த்தால் கரண்ட் பாதிக்கு மேல் கூடிவிட்டது.

“அலாமாக்! எல்லாத்தையும் மறுபடி தீய்ச்சிடாத முனி!” என்று பாய் தலையில் கை வைத்தார். அகலம் கொஞ்சம் கூடினால் கரண்ட் கொஞ்சம் கூடாதாம், எகிறுமாம். சுற்றும் வேகமும் அப்படித்தான். இரண்டு மடங்கு வேகமாகச் சுற்றினால் பவர் இரண்டு மடங்கு இல்லையாம், எட்டு மடங்கு கேட்குமாம்! எட்டா? எங்கள் பாசாரில் கத்தரிக்காய்கூட இன்னும் அப்படி ஏறவில்லை.

அதன் பிறகு இரண்டு பேரும் அடங்கி உட்கார்ந்து ஒழுங்காக அளந்தார்கள். ஏர்போர்ட்டுக்குப் போகிறவர்கள் பேக்கை எடை போடுவார்களே, கொக்கித் தராசு – அதைத் தெப்பத்தில் மாட்டி, பாய் இந்தக் கரையில் சாமி நடை நடந்து இழுத்தார். முக்கால் கிலோவுக்குக் கிட்டத்தில் காட்டியது. அவ்வளவுதானா! மூட்டையைத் தூக்கத்தான் தெம்பு வேண்டும், மிதக்கிறதை மெதுவாக இழுக்க வேண்டாம் போலிருக்கிறது. பிறகு அதே தராசின் ஒரு பக்கத்தைக் கரையில் முளையில் கட்டி, இன்னொரு பக்கம் படகைக் கட்டி முழு வேகம் கொடுத்தார்கள். ஒரு கிலோவைத் தாண்டி இழுத்தது. “போதும், மிச்சமே இருக்கு” என்றான் முனியாண்டி.

கரண்ட் எவ்வளவு? வீட்டுத் தொட்டியில் பார்த்தபோது மீட்டர் ஏழு ஆம்ப்ஸ் காட்டியது என்று இவனுக்கு ஒரே குஷி. பாய் நம்பவில்லை. “தொட்டித் தண்ணி கொஞ்ச நேரத்துல விசிறி கூடவே சேந்து சுத்த ஆரம்பிச்சிடும். அப்புறம் அதுக்கு என்ன பாரம்? குளத்துல நிக்கிற தண்ணி. அதத் தள்ளிப் பாரு.” குளத்தில் பார்த்தால் ஒன்பது. பாய் சொன்னது சரி. அன்றிலிருந்து தொட்டி சரசுவுக்குத் திரும்பக் கிடைத்தது. அவள் பாய்க்கு ஒரு டப்பா நிறைய முறுக்குச் சுட்டு அனுப்பினாள்.

பேட்டரி பதினோரு வோல்ட். ஒன்பது ஆம்ப்ஸோடு பெருக்கினால் நூறு வாட் வருகிறதாம். நம் வீட்டுக் காற்றாடியைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவே. பேட்டரியில் ஐந்து ஆம்ப்-மணி இருக்கிறது, ஒன்பதால் வகுத்தால் அரை மணிக்கு மேல் ஓடும். அடி வரைக்கும் உறிஞ்சக் கூடாது என்பதால் ஐந்தில் ஒரு பங்கை விட்டுவிட வேண்டும். அப்படிப் பார்த்தாலும் ஒரு சுற்றுக்குத் தாராளம்.

அம்மன், விளக்கு, பூமாலை, தேங்காய், குடை – எல்லாவற்றுக்கும் எடை சேர்த்தார்கள். “மாலை தண்ணி பட்டா கனக்கும், அதையும் சேருங்க” என்று சரசு சொன்னாள், அதையும் சேர்த்தார்கள். எதை விட்டார்கள் என்று கேட்டால் ஒன்றும் சொல்ல முடியாது. அப்படி ஒரு கணக்கு.

திருவிழா அன்று மாலை. முனியாண்டி புது வேட்டி கட்டி, கோயில் படியில் நின்றுகொண்டான். பக்கத்தில் பாய். படகு எத்தனை ஆம்ப்ஸ் குடிக்கிறது என்று ரிமோட்டிலேயே தெரியும். அதைப் பார்த்துச் சொல்வது பாயின் வேலை.

தெப்பம் கரையை விட்டது. தவில் முழங்கியது. “ஓம் சக்தி!” என்று ஜனம் கத்த, பெண்கள் பூவை வாரி வாரித் தண்ணீரில் வீசினோம். நானும் வீசினேன். எங்கள் ஊரில் அம்மன் புறப்பட்டால் பூ வீசாமல் யார் இருப்பார்கள்?

“ஒம்போது” என்றார் பாய். “எட்டரை... ஒம்போது... அழகு!”

வேலிப் பக்கம் போனபோது தாமான் வீட்டுக்காரர்கள் எல்லாரும் வேலி ஓரத்துக்கு வந்துவிட்டார்கள். கையில் போன். ஒரு சீனப் பாட்டி கும்பிட்டார். பிள்ளைகள் கை தட்டின. அந்த வேலிமேல் எனக்கிருந்த கோபம் அன்றைக்குக் கொஞ்சம் குறைந்தது.

மூலை திரும்பி, பாதிக் குளம் தாண்டி எங்கள் பக்கம் வர ஆரம்பித்தது படகு. அதற்குள் நாங்கள் வீசிய பூவெல்லாம் காற்றில் மெல்ல மெல்ல நகர்ந்து, குளத்தின் நடுவில் கம்பளம் விரித்தது போல மிதந்துகொண்டிருந்தது. உதிரிப் பூ மட்டுமா? சரம் சரமாக வீசியிருக்கிறோம். சரம் என்றால்? நூல்.

“பன்னெண்டு” என்றார் பாய். “முனி... பதினஞ்சு. ஏறுது முனி. இருவது! விடு, விடு, கைய எடு!”

முனியாண்டி கையை எடுத்தான். படகு நின்றது. தெப்பம் வந்த வேகத்தில் கொஞ்ச தூரம் மிதந்து வந்து, அதுவும் நின்றது. காற்றும் அடங்கியிருந்தது. நான் சொன்னேனே, நட்ட நடுவில்... அந்த இடம்தான்.

“விசிறியில நூல் சுத்திக்கிச்சு” என்றார் பாய் மெதுவாக. “ரிவர்ஸ் போட்டா எதிர்ப்பக்கமா சுத்தி அவுந்துடும்.”

தலைவர் காதில் விழுந்துவிட்டது. “ரிவர்ஸா? ஆத்தாள பின்னால கொண்டாரக் கூடாதுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்ல?”

பாய் ஒரு அடி தள்ளி நின்றுகொண்டார். “இது உங்க சாமி விஷயம் தலைவரே. நான் மோட்டார மட்டும்தான் சொன்னேன்.”

முன்னால் அழுத்தினால் மோட்டார் தீய்ந்துவிடும். பின்னால் அழுத்தினால் தெப்பமே முடிந்துவிடும். முனியாண்டியின் கட்டை விரல் ரிமோட்டின் மேல் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் நிற்கிறது. வேர்வை புது வேட்டியில் சொட்டுகிறது. நான் அவனை அப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் யாரோ, “லோரிக்குச் சொல்லிடுங்கப்பா” என்று சொன்னது எனக்கே கேட்டது. அவனுக்குக் கேட்காமலா இருக்கும்?

அப்போது கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஒரு குரல் வந்தது. சரசு.

“என்னங்க! கயித்தப் பாருங்க கயித்த! தொய்ஞ்சு கெடக்கு!”

எல்லாரும் கயிற்றைப் பார்த்தோம். ஆமாம். தெப்பம் முன்னால் நகர்ந்து வந்ததில் படகுக்கும் தெப்பத்துக்கும் நடுவே கயிறு தளர்ந்து தண்ணீரில் கிடந்தது.

“படகு பின்னால வந்தா ஆத்தாளுக்கு என்ன? கயிறு இழுக்கும், தள்ளவா போகுது?”

தலைவர் விடவில்லை. “பின்னால வந்து தெப்பத்துல முட்டுச்சுன்னா?”

“முட்டாது. என் வீட்டுத் தொட்டியில இத்தன வருஷமா முட்டாமதான் ஓட்டுறாரு! நீங்க போடுங்க, நான் பாத்துக்குறேன்!”

எதை எப்படிப் பார்த்துக்கொள்வாள் என்று தெரியாது. ஆனால் அவள் சொன்ன விதத்தில் முனியாண்டிக்குத் தைரியம் வந்துவிட்டது. மெல்ல ஒரு தட்டு தட்டினான். படகு ஒரு சாண் பின்வாங்கியது. இன்னொரு தட்டு. வாலிலிருந்து மல்லிகைச் சரம் ஒன்று பிரிந்து, சுருள் சுருளாக மேலே மிதந்து வந்தது. தெப்பத்துக்கும் படகுக்கும் நடுவே இன்னும் ஒரு கை இடம் இருந்தது. நிறுத்தினான்.

இனி முன்னால். கயிறு மெல்ல நிமிர்ந்தது. விறைத்தது. அம்மன் அசைந்தாள்.

“ஒம்போது!” என்று பாய் போட்ட சத்தம் தவிலைவிடப் பெரிது. “அக்கா, ஒம்போது!”

நான் அழுதேனா சிரித்தேனா என்று எனக்கு நினைவில்லை. மறதிதான். பூக்கூட்டத்தைச் சுற்றி வளைத்து, அம்மன் கரை சேர்ந்தாள்.

அப்புறம் சும்மா இருப்பார்களா? பிரசாதச் சாப்பாட்டில் ஒரே வாக்குவாதம். தெப்பம் பின்னால் அசைந்ததா, இல்லையா? “லேசா அசைஞ்ச மாதிரி இருந்துச்சே” என்று தலைவர் இழுத்தார். பூசாரி சாம்பாரை ஊற்றிக்கொண்டே, “அம்மன் ஆடினா. ஆடுறது வேற, பின்னால வர்றது வேற” என்றார். தலைவர் ரொம்ப நேரம் யோசித்தார். பாயசம் வந்தது. குடித்துவிட்டு, “சரி, அடுத்த வருஷமும் தெப்பம்தான்” என்றார். பூசாரியின் விளக்கமா, பாயசமா... எதுவாக இருந்தால் என்ன?

இனி உதிரிப் பூ மட்டும்தான் வீசலாம், அதுவும் படகு போன பிறகுதான் என்று முடிவாகியிருக்கிறது. விசிறிக்குக் கம்பிக் கூண்டு போட வேண்டும் என்கிறார் பாய். கூண்டும் தண்ணீரை மறிக்கும், அதற்கும் கரண்ட் கூடும், மறுபடி அளக்க வேண்டும் என்கிறான் முனியாண்டி. குளத்தில் அளப்பதற்கு முன்னால் கூண்டை மாட்டி ஓட்டிப் பார்க்கத் தொட்டியை அவளாகவே காலி செய்து கொடுத்தாள் சரசு. ஏன் என்று கேட்டேன். “சும்மா ஒரு வாரத்துக்கு மட்டும் அண்ணி” என்றாள். முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எனக்குத் தோன்றுவது இதுதான். அவர்கள் கணக்கில் தப்பே இல்லை. ஆனால் அது வெறும் தண்ணீருக்குப் போட்ட கணக்கு. நம் ஜனம் கூடி நிற்கிற இடத்தில் வெறும் தண்ணீர் ஏது? பிரியமாக எதையாவது வீசிக்கொண்டேதான் இருப்போம். அதில் கொஞ்சம் நூலும் இருக்கும்.

கடைசியாக ஒரு உதவி. நான் எழுதிய நம்பர்கள் ஒன்பதா பத்தா, எட்டு மடங்கு என்று பாய் சொன்னது வேகத்துக்கா அகலத்துக்கா என்றெல்லாம் எனக்கு இப்போதே சந்தேகம். மோட்டார் படித்தவர்கள் யாராவது சரி பார்த்துச் சொல்லுங்கள். அன்றைக்கு வேலிக்கு அந்தப் பக்கம் நின்று போனில் படம் பிடித்தவர்களும், தெப்பம் நின்ற அந்த இடத்தை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள். அம்மன் ஒரு விரற்கடையாவது பின்னால் போயிருந்தால்...

தயவுசெய்து எனக்கு மட்டும் சொல்லுங்கள். தலைவர் இந்தப் பக்கத்தைப் படிக்க மாட்டார், அவருக்கு ராசிபலன் போதும்.